வெளிநாட்டு ரோட்டுல மூணாவது நாள்தான் ஜாக்கிரதை

"அக்கா, அங்கெல்லாம் வலது பக்கமா ஓட்டணுமாமே, முதல் நாள் எப்படிச் சமாளிக்கிறது?" வெளிநாட்டுல வாடகைக் கார் எடுக்கப்போற தங்கச்சிங்க எல்லாரும் என்கிட்ட முதல்ல கேட்கிறது இதைத்தான். முதல் நாளைப் பத்தி எனக்குக் கவலையே இல்லம்மா. அன்னிக்கு நீ பயந்து பயந்து ஓட்டுவே. ரெண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டு நகராது, பாட்டு ஓடாது, பக்கத்துல இருக்கிறவங்களும் பேச்சை நிறுத்திட்டு ரோட்டையே பார்ப்பாங்க. எனக்குக் கவலை மூணாவது, நாலாவது நாளைப் பத்தித்தான். 'கை பழகிடுச்சு'ன்னு நீ நினைக்கிற நாள் அது.

ஸ்வீடன்ல 1967 செப்டம்பர் 3-ம் தேதி விடியக்காலை 5 மணிக்கு நாடு மொத்தமும் இடது பக்கத்துல இருந்து வலது பக்கத்துக்கு மாறுச்சு. என்ன ஆகுமோன்னு எல்லாரும் பயந்தாங்க. ஆனா ஆரம்பத்துல விபத்து குறைஞ்சுது. எல்லாரும் உஷாரா ஓட்டினாங்க, அவ்வளவுதான் காரணம். புதுப் பக்கம் பழகினதும் விபத்தும் பழைய அளவுக்கே திரும்பிடுச்சு. ஒரு நாட்டுக்கே அப்படின்னா, பத்து நாள் லீவுல போற உனக்கும் எனக்கும் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாரு.

பழைய பழக்கம் தலைதூக்குற இடம் பெரிய ஹைவே இல்ல. அங்க நடுவுல தடுப்பு இருக்கும், முன்னாடி போற வண்டிங்க பின்னாலயே போயிடலாம். இப்படி ஒரு காலைப்பொழுதை நினைச்சுக்கோ. மணி ஆறரை, சின்ன ஊர். பங்க்ல டேங்கை ரொப்பிட்டே, காபி வாங்கி வெச்சுட்டே, பின்சீட்டுல குழந்தைக்கு பெல்ட் மாட்டியாச்சு. வெளியே வந்தா ரோட்டுல ஈ காக்கா இல்ல. பார்த்துப் பின்பத்துறதுக்கு முன்னாடி ஒரு வண்டியும் இல்ல. மனசு இன்னிக்குத் தங்கப்போற ஹோட்டல்ல இருக்கு. கை தன்பாட்டுக்கு வண்டியை இடது ஓரத்துல கொண்டுபோய்ச் சேர்க்கும். வருஷக்கணக்கா சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் ஓட்டின கை அது, வேற என்ன செய்யும்? எதிர்ல ஒரு வண்டி வர்ற வரைக்கும் எதுவும் தப்பாவே தெரியாது. அது வளைவுல வந்தா நேரம் பத்தாது.

அதனால ஒரு வழக்கம் வெச்சுக்கோ. பங்க்ல இருந்து, ஹோட்டல் பார்க்கிங்ல இருந்து, போட்டோ எடுக்க ஒதுங்கின இடத்துல இருந்து வண்டி மறுபடி ரோடு ஏறும்போதெல்லாம் பக்கத்து சீட்டுல இருக்கிறவங்க சத்தமா "வலது"ன்னு சொல்லணும். ஒருவழிப்பாதை முடிஞ்சு இருவழிப்பாதை தொடங்குற இடத்துலயும் அப்படித்தான். கடைசி நாள் வரைக்கும் சொல்லணும், "எனக்குத் தெரியும், விடு"ன்னு நீ சலிச்சுக்கிட்டாலும் சொல்லணும். தனியாப் போறியா? ஒரு துண்டுச் சீட்டுல அம்புக்குறி போட்டு, ஸ்பீடோமீட்டர் பக்கத்துல ஒட்டிடு.

இன்னொண்ணு, எந்த நாட்டுக்கும் பொருந்துற அடையாளம். அந்த ஊருக்குன்னு செஞ்ச கார்ல ஓட்டுறவங்க சீட் ரோட்டோட நடுப்பக்கமாத்தான் இருக்கும். நடுக்கோடு உன் தோள் பக்கம், ரோட்டு ஓரம் பக்கத்து சீட்டுக்காரங்க தோள் பக்கம். இருவழி ரோட்டுல உன் ஜன்னலை ஒட்டிப் புல்லும் நடைபாதையும் தெரிஞ்சா, தப்பான பக்கத்துல இருக்கே. மியான்மர் மாதிரி ஒண்ணு ரெண்டு இடத்துல மட்டும் இது செல்லாது. அங்க 1970-ல ரோட்டை வலது பக்கம் மாத்தினாங்க, ஆனா ஜப்பான்ல இருந்து வந்த வலது ஸ்டியரிங் கார்கள் நிறைய ஓடுது.

இடது ஸ்டியரிங் காரை முதல்முதலா எடுக்கிறவங்க எல்லாரும் வண்டியை வலது ஓரத்துக்கே சாய்ச்சுப் போவாங்க. நம்ம கண்ணு வலது சீட்டுல உட்கார்ந்தே லேனை அளந்து பழகினது. வாடகைக் கார்கள்ல வலது பக்க டயரும் ரிம்மும் நடைபாதைக் கல்லுல உரசுறது அதனாலதான். முதல் அரைமணி நேரம் வலது கண்ணாடியில லேன் கோட்டைப் பார்த்துக்கிட்டே ஓட்டு, அளவு பிடிபட்டுடும். திரும்பப்போறப்ப இண்டிகேட்டருக்குப் பதிலா வைப்பர் ஓடினா பதறாதே. நம்ம ஊர்ல பெரும்பாலான கார்கள்ல இண்டிகேட்டர் வலது கைக்கு, ஐரோப்பாவுல இடது கைக்கு. ரவுண்டானாவுல, வலது பக்கம் ஓட்டுற நாடுகள்ல கடிகாரத்துக்கு எதிர்த் திசையில சுத்தணும், உள்ளே ஏற்கெனவே சுத்திக்கிட்டிருக்கிற வண்டிக்கு வழிவிட்டுட்டு அப்புறம் நுழையணும். மூக்கை நுழைச்சு இடம் பிடிக்கிற நம்ம ஊர் வித்தை அங்க கூடவே கூடாது.

ஹெட்லைட் அடிக்கிறதையும் ஊர்லயே விட்டுட்டுப் போ. நமக்கு அது "நான் வர்றேன், ஒதுங்கு". இங்கிலாந்துல நிறைய பேருக்கு அது "நீங்க போங்க". குறுகலான கிராமத்து ரோட்டுல நீ ஒண்ணு நினைச்சு லைட் அடிக்க, எதிர்ல வர்றவர் வேற நினைச்சு வண்டியை எடுத்தா என்ன ஆகும்?

கிளம்புறதுக்கு முன்னாடி

சர்வதேச ஓட்டுநர் அனுமதியை, அதாவது ஐ.டி.பி.யை, கையில வாங்கினதுக்கு அப்புறம் விமானம் ஏறு. பரிவாகன் தளத்துல விண்ணப்பிச்சு, உன் லைசென்ஸ் இருக்கிற ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வாங்கணும். ஒரு வருஷம் செல்லும். தனியா அதுக்கு மதிப்பில்ல. ஒரிஜினல் லைசென்ஸும் கூடவே இருக்கணும். எங்க செல்லும், எங்க செல்லாதுங்கிறது நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜப்பான் 1949 ஜெனிவா ஒப்பந்தப்படி கொடுத்ததை மட்டும்தான் ஏத்துக்கும். சீனாவோட பெருநிலத்துல ஐ.டி.பி.யே செல்லாது. இலங்கையில அதோட உள்ளூர் ஒப்புதலும் வாங்கணும்.

கார் புக் பண்றவங்க பேர்லயே கிரெடிட் கார்டு இருக்கணும். பல இடங்கள்ல டெபிட் கார்டை வாங்க மாட்டாங்க, வீட்டுக்காரர் கார்டைக் கொடுத்தாலும் வாங்க மாட்டாங்க. ஐரோப்பாவுல கியர் வண்டிதான் மலிவு. ஆனா இடது ஸ்டியரிங் உனக்குப் புதுசுன்னா காசு பார்க்காம ஆட்டோமேட்டிக் எடு. ரோடும் புதுசு, பக்கமும் புதுசு, வலது கையில கியரும் புதுசுன்னா மூளைக்கு ஒரே நேரத்துல பாரம் அதிகம்.

இன்சூரன்ஸ் பேப்பர்ல எது சேர்த்தின்னு படிக்கிறதை விட எது சேர்த்தி இல்லைன்னு படி. பெரும்பாலும் டயர், கண்ணாடி, வண்டியோட அடிப்பாகம் மூணும் வெளியே நிக்கும். மண் ரோட்டுல ஓட்டினா மொத்த இன்சூரன்ஸும் செல்லாதுன்னு ஆஸ்திரேலியாவுல பல ஒப்பந்தங்கள்ல இருக்கு. எல்லை தாண்டி அடுத்த நாட்டுக்குப் போகணும்னா எழுத்துல அனுமதி வாங்கு. சாவி கைக்கு வந்ததும் வண்டியைச் சுத்தி வீடியோ எடு. நாலு பம்பர் மூலை, நாலு ரிம், முன் கண்ணாடி, கூரை, டிக்கிக்குள்ள ஸ்டெப்னி, கடைசியா பெட்ரோல் முள். தேதி தெரியுற மாதிரி உன் மெயிலுக்கே அனுப்பி வெச்சுடு. அவசரப்படுத்துற ஆள் முன்னாடி கூச்சப்படாம இதைச் செய்.

முதல் தடவைன்னா மலேசியா

எங்க ஆரம்பிக்கலாம்னு கேட்டா நான் மலேசியாவைத்தான் சொல்வேன். நம்மள மாதிரியே இடது பக்கம், ரோடு அருமை. வடக்கே தாய்லாந்து எல்லையில புக்கிட் காயு ஹித்தாம்ல இருந்து தெற்கே ஜொகூர் பாரு வரைக்கும் போற வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 750 கிலோமீட்டருக்கும் மேல. வேக வரம்பு பெரும்பாலும் 110. 'ஆர் அண்ட் ஆர்'னு அவங்க சொல்ற ஓய்வு நிறுத்தங்கள்ல சுத்தமான கழிவறை, தொழுகை அறை, சாப்பாட்டுக் கடைன்னு எல்லாம் இருக்கும். டோலுக்கு டச் அண்ட் கோ கார்டுல பணம் போட்டு வெச்சுக்கோ. போர்டு மலாய்ல இருக்கும்: 'கெலுவார்'னா வெளியேறும் வழி, 'உத்தாரா' வடக்கு, 'செலாத்தான்' தெற்கு, 'அவாஸ்'னா எச்சரிக்கை. இந்த நாலும் போதும். சாயங்காலத்துல மழை அடிச்சா முன்னாடி போற வண்டியே தெரியாது. பாலத்துக்குக் கீழ பைக்குல போறவங்க ஒதுங்கி நிப்பாங்க, அந்த ஓரத்துல வண்டியைக் கொண்டுபோகாதே. நீயும் அடுத்த ஆர் அண்ட் ஆர்ல நுழைஞ்சு ஒரு தே தாரிக் குடி, மழை விட்டதும் கிளம்பலாம்.

தூரத்தைக் கிலோமீட்டர்ல கணக்குப் போடாதே

மேப் ஆறு மணி நேரம்னு காட்டினா அது நிக்காம ஓடுற ஆறு மணி நேரம். பாத்ரூம், சாப்பாடு, பெட்ரோல், "அக்கா இங்க ஒரு போட்டோ" எல்லாம் சேர்த்தா எட்டுக்கு மேல ஆகும். ஐரோப்பிய ஒன்றியத்துல தொழில்முறை லாரி டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் ஓய்வு எடுத்தே ஆகணும். சாதாரணமா ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல ஓட்டக்கூடாது. வண்டியிலேயே வாழ்ற ஆளுக்கே இதுதான் சட்டம். புது ஊர், புது ரோடுன்னு போற நீ ஒரு நாளைக்கு அஞ்சாறு மணி நேரத்தோட நிறுத்திக்கோ. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நட. ராத்திரி விமானத்துல போய் இறங்கினா அன்னிக்கு சாவியே வாங்காதே. ஊர்ல ஒரு ராத்திரி தூங்கிட்டு மறுநாள் எடு.

தூக்கம் வந்தா ஏசியைக் கூட்டுறது, ஜன்னலைத் திறக்கிறது, பாட்டைச் சத்தமா வெக்கிறது எதுவும் உதவாது. பாதுகாப்பான இடத்துல நிறுத்தி ஒரு காபி குடிச்சுட்டு உடனே இருபது நிமிஷம் கண்ணை மூடு. காபி வேலை செய்ய ஆரம்பிக்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். எழும்போது ரெண்டோட பலனும் சேர்ந்து கிடைக்கும். அப்பவும் கண்ணு சொருகினா அன்னிக்கு ஓட்டம் முடிஞ்சுதுன்னு வெச்சுக்கோ.

சலிப்பும் தூக்கத்துக்குச் சமம். நார்வேக்காரங்க இதை நல்லாப் புரிஞ்சவங்க. ஒஸ்லோவுல இருந்து பெர்கன் போற வழியில மலைக்குள்ள 24.5 கிலோமீட்டருக்கு லார்டால் சுரங்கப்பாதை இருக்கு, 2000-ல திறந்தாங்க. ஒரே மாதிரி சுவரைப் பார்த்துப் பார்த்து ஓட்டுறவங்க மயங்கிடக் கூடாதுன்னே உள்ள மூணு இடத்துல பாறையைப் பெரிய மண்டபம் மாதிரி குடைஞ்சு, நீல வெளிச்சம் போட்டிருக்காங்க. கல்லு இருட்டுக்குள்ள இருந்து திடீர்னு விடியற்காலைக்குள்ள நுழையுற மாதிரி இருக்கும். வண்டியை ஓரம் கட்டவும் இடம் உண்டு.

ஆஸ்திரேலியாவுல நல்லர்போர் சமவெளியைக் கடக்கிற ஐர் ஹைவேயில அப்படி மண்டபம் எதுவும் கிடையாது, நீதான் உன்னைப் பார்த்துக்கணும். நார்ஸ்மன்ல இருந்து சிடூனா வரைக்கும் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். அதுல பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவுல 146.6 கிலோமீட்டர் ரோடு ஒரு வளைவுகூட இல்லாம நேரா போகும். பங்க், சாப்பாடு, ரூம் மூணும் ஒரே இடத்துல இருக்கிற ரோட்ஹவுஸ்கள்தான் அங்க ஊர். ஒவ்வொண்ணுலயும் டேங்கை ரொப்பிடு. 'பாதி இருக்கே, அடுத்ததுல பார்த்துக்கலாம்'னு தாண்டாதே. போன் சிக்னல் பெரும்பாலும் இருக்காது, அதனால மேப்பை முன்னாடியே இறக்கி வெச்சுக்கோ, ஆளுக்கு நாலஞ்சு லிட்டர் தண்ணியைத் தனியா வெச்சுக்கோ. ரோட்டு மேலேயே வெள்ளைக் கோடு போட்டு விமானம் இறங்குற இடம்னு குறிச்சிருப்பாங்க. பறக்கும் டாக்டர் சேவை விமானம் அவசரத்துக்கு அங்கதான் இறங்கும். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்னு அந்தக் கோடே உனக்குச் சொல்லிடும்.

அதே ரோட்டுல ஈக்லா பக்கம் கடிகாரமும் மாறும், பெர்த்தை விட 45 நிமிஷம் முன்னாடி. ரோட்ஹவுஸ் சமையலறை மூடுற நேரத்தை அதை வெச்சுக் கணக்குப் போடு. மாநிலம் மாறும்போது பழம், காய்கறி, தேன் எல்லாத்தையும் சோதனையில வாங்கிப்பாங்க. மேற்கே போனா பார்டர் வில்லேஜ்ல, கிழக்கே வந்தா சிடூனாவுல. கொய்யாவும் வாழைப்பழமும் கூடை நிறைய வாங்கிட்டுப் போகாதே, புளியோதரையும் வறுத்த கடலையும் கட்டிக்கோ.

முக்கியமானது, பொழுது சாயுறதுக்கு முன்னாடி வண்டியை நிறுத்திடு. விடியற்காலையும் அந்தி நேரமும்தான் கங்காரு ரோட்டுக்கு வரும். குறுக்கே வந்துட்டா ஸ்டியரிங்கை ஒடிக்காதே, நேரா பிரேக் பிடி. அதுக்கு ஒதுங்கப்போய் வண்டி கவிழ்ந்துதான் ஆளுங்க உயிர் போகுது. வடக்கு ஆஸ்திரேலியாவுல ரோட் டிரெயின்னு 53.5 மீட்டர் நீளம் வரைக்கும் லாரிகள் ஓடும். முன்னாடி ரோடு ரொம்ப தூரத்துக்குக் காலியாத் தெரிஞ்சாத்தான் ஓவர்டேக். இல்லைன்னா பின்னாலயே போ, நமக்கு என்ன அவசரம்?

வளைகுடாவுல இருக்கிற நம்ம ஆளுங்க மஸ்கட்ல இருந்து சலாலாவுக்கு ஓட்டிக்கிட்டுப் போறது வழக்கம், ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். அங்க கங்காரு இடத்துல ஒட்டகம். கால் உயரம், அதனால மோதினா உடம்பு பானெட் மேல விழாது, நேரா கண்ணாடியை உடைச்சுக்கிட்டு நம்ம மேலேயே வரும். ராத்திரி அதுக்கு ஒளியும் கிடையாது, நிறமும் மணல் நிறம். கரீஃப் பருவத்துல, ஜூன் கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும், சலாலாவைச் சுத்தியிருக்கிற தோஃபார் மலையில மூடுபனியும் தூறலும். பனிக்குள்ள ஹை பீம் போட்டா வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீம் போட்டு மெதுவாப் போ.

சில ஊர் வழக்கம்

அமெரிக்காவுல போலீஸ் பின்னாடி விளக்கு போட்டா வலது ஓரமா நிறுத்து, உள்ளேயே உட்கார், கையை ஸ்டியரிங் மேல தெரியுற மாதிரி வெச்சுக்கோ. நம்ம ஊர்ல இறங்கிப் போய் "சார், சார்"னு பேசறதுதான் மரியாதை. அங்க அவங்களுக்கு அது மிரட்டல். மஞ்சள் ஸ்கூல் பஸ் சிவப்பு விளக்கு போட்டு நின்னா நீயும் நில்லு, நடுவுல தடுப்பு இல்லாத ரோடுன்னா எதிர்ப் பக்கத்துல இருந்து வந்தாலும் நில்லு. சிவப்புலயே நின்னு பார்த்துட்டு வலது திரும்பலாம். நியூயார்க் நகரத்துக்குள்ள, திரும்பலாம்னு போர்டு இல்லாட்டி, கூடாது. பங்க் மெஷின் கார்டுக்கு ஜிப் கோடு கேட்கும், நம்ம கார்டுக்கு அது இல்ல. உள்ள போய் பம்ப் நம்பரைச் சொல்லி முன்னாடியே பணம் கட்டிடு.

எரிபொருள் விஷயத்துல நிறத்தை நம்பாதே. இங்கிலாந்துல பச்சைக் குழாய் பெட்ரோல், அமெரிக்காவுல பச்சைன்னா பெரும்பாலும் டீசல். ஸ்பெயின்ல 'காசோலினா' பெட்ரோல், 'காசோலியோ' டீசல். ஐரோப்பாவுல 2018-ல இருந்து ஒரே அடையாளம் இருக்கு: வட்டத்துக்குள்ள எழுதியிருந்தா பெட்ரோல், சதுரத்துக்குள்ள எழுதியிருந்தா டீசல். டேங்க் மூடியில இருக்கிறதும் குழாயில இருக்கிறதும் ஒண்ணான்னு பார்த்துட்டு ஊத்து.

ஜெர்மனி ஆட்டோபான்ல வேக வரம்பு இல்லாத பகுதிகள் உண்டு, ஆனா பரிந்துரை 130. இடது லேன் ஓவர்டேக்குக்கு மட்டும். பெட்ரோல் தீர்ந்து நடுவழியில நின்னா அபராதம், ஏன்னா தவிர்த்திருக்கலாம்ங்கிறாங்க. டிராஃபிக் நின்னுபோனா இடக்கோடி லேன் இடது பக்கம் ஒதுங்கணும், மத்த லேன் எல்லாம் வலது பக்கம். நடுவுல ஆம்புலன்ஸுக்கு வழி. சைரன் கேட்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நெடுஞ்சாலைக்கு 'வின்யெட்' கட்டணம் முன்கூட்டியே கட்டணும். இத்தாலியில பழைய நகரப் பகுதிக்குள்ள, அனுமதி உள்ள வண்டிக்கு மட்டும்னு சொல்ற ஜெட்.டி.எல். போர்டைத் தாண்டினா கேமரா படம் பிடிச்சிடும். நீ ஊர் திரும்பி மாசக்கணக்குல கழிச்சு அபராதம் வரும், வாடகை கம்பெனியோட கட்டணமும் சேர்ந்து. ஹோட்டல் அதுக்குள்ள இருந்தா உன் வண்டி நம்பரைப் பதிவு பண்ணச் சொல்லு.

ஐஸ்லாந்து ரிங் ரோடு 1,300 கிலோமீட்டருக்கு மேல, அழகுக்குக் குறைவே இல்ல. ஆனா அங்க வண்டியைக் கெடுக்கிறது காத்துதான். காத்தை எதிர்த்து மூக்கு நிக்கிற மாதிரி பார்க் பண்ணு. கதவைத் திறக்கும்போது ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாத் திற. விட்டா காத்து கதவை முன்பக்கம் மடக்கிக் கீலை நெளிச்சுடும், இன்சூரன்ஸ் பெரும்பாலும் தராது. குழந்தைங்களைத் தானாக் கதவு திறக்க விடாதே. 'எஃப்'னு தொடங்குற மலைப்பாதைகளுக்கு ஃபோர் வீல் டிரைவ் வண்டி கட்டாயம்.

பொண்ணுங்களுக்குன்னு

பாத்ரூமை அடக்கிக்கிட்டு ஓட்டாதே, தண்ணி குடிக்காம இருந்து சமாளிக்காதே. தண்ணி குறைஞ்சா தலைவலியும் அசதியும் முதல்ல வரும், அப்புறம் கவனம் போகும். ஐரோப்பாவுல கழிவறைக்குச் சில்லறை வேணும், கதவோரப் பையிலேயே போட்டு வை. நாப்கின், மாத்திரை, டார்ச், பவர் பேங்க் எல்லாம் டிக்கியில இல்ல, கைக்கு எட்டுற இடத்துல. ராத்திரி விளக்கு வெளிச்சத்துல, கடை வாசலை ஒட்டி நிறுத்து. இடம் பிடிக்கலைன்னா காரணம் தேடாதே, அடுத்த இடத்துக்குப் போ. பையை சீட்டுல தெரியுற மாதிரி விட்டுட்டு இறங்காதே. டிக்கியில வெக்கணும்னா கிளம்புற இடத்துலயே வெச்சுடு, போய் நிறுத்தின இடத்துல எல்லார் முன்னாடியும் வெக்காதே. அவசர நம்பர் ஐரோப்பாவுல 112, அமெரிக்காவுல 911, ஆஸ்திரேலியாவுல 000, மலேசியாவுல 999. தினமும் சாயங்காலம் வீட்டுல ஒருத்தருக்கு நாளைய வழியையும் தங்குற இடத்தையும் அனுப்பு. மெசேஜ் வரலைன்னா எத்தனை மணிக்கு யாருக்கு போன் பண்ணணும்னும் அவங்ககிட்டயே பேசி வெச்சுக்கோ.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஏர்போர்ட்டுக்குப் பக்கத்து பங்க்ல டேங்கை ரொப்பி, ரசீதை வெச்சுக்கோ. ஆள் இல்லாத நேரத்துல சாவியைப் பெட்டியில போட்டுட்டு வர்றதா இருந்தா, வந்தப்ப எடுத்த மாதிரியே மறுபடி ஒரு வீடியோ. டெபாசிட் கார்டுக்குத் திரும்பி வர்ற வரைக்கும் பேப்பர் எதையும் தூக்கிப் போடாதே. சென்னையில இறங்கினதும் வீடு வரைக்கும் நீ ஓட்டாதே. தூக்கம் கெட்ட உடம்பு, பத்து நாளா வலது பக்கம் பழகின கை. தம்பியை வண்டி எடுத்துக்கிட்டு வரச்சொல்லு, இல்லைன்னா டாக்ஸி பிடி.